சுப்புவுக்கு, விருந்துச் செய்தி படித்த கையோடு

செம்பூர், மும்பை,
21.6.2025

அன்புள்ள சுப்பு,

நீ என் மேல் கோபமாக இருப்பதாகச் சரவணன் சொன்னான். 2008 மும்பைத் தாக்குதல் வழக்குக்காக ராணாவை ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து டில்லிக்குக் கொண்டுவந்த அன்று "பார்த்தியா, அமெரிக்கா நம்ம பக்கம்" என்று நீ அனுப்பிய செய்திக்கு நான் ஒரு வரிகூடப் பதில் போடவில்லையாம். உண்மைதான். அன்றைக்கே எழுதியிருந்தால் உன் சந்தோஷத்தில் மண் அள்ளிப் போட்ட பாவம் எனக்கு வந்திருக்கும். இப்போது அந்த வேலையை வாஷிங்டனே செய்துவிட்டது, தைரியமாக எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை இந்த வருஷம் மே மாதமே வந்துவிட்டது. ஜெயாவுக்கு முட்டிவலி, டாக்டர் நடக்கச் சொல்கிறார், அவள் டாக்டரை மாற்றச் சொல்கிறாள். உன் மச்சான் கடன் விவகாரம் நேரில் பேச வேண்டியது, கடிதத்தில் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை வெள்ளை மாளிகையில் பாகிஸ்தானின் அசிம் முனீருக்கு டிரம்ப் மதிய விருந்து வைத்தார். பிரதமரோ மந்திரியோ கூட வரவில்லை, ராணுவத் தளபதிக்கென்றே விருந்து. காஷ்மீரில், பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டு இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. முந்தின வாரம்தான் அமெரிக்க ஜெனரல் குரில்லா அவர்கள் நாட்டு நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, பயங்கரவாத எதிர்ப்பில் பாகிஸ்தான் அபாரமான கூட்டாளி என்று சாட்சி சொன்னார். இப்போது டிரம்புக்கு நோபல் சமாதானப் பரிசு கொடுக்கவேண்டும் என்று பாகிஸ்தான் பரிந்துரைக்கிறது. சாப்பிட்ட கையோடு மொய் எழுதியாகிவிட்டது.

நீ இதைப் படித்துவிட்டு "துரோகம்" என்று தெருவே அதிரக் கத்துவாய். கொஞ்சம் பொறு. குரில்லா சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. 2021-இல் காபூல் விமான நிலைய வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள் அல்லவா, அதில் சம்பந்தப்பட்டவன் என்று ஒருவனை இந்த மார்ச்சில் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப் பாகிஸ்தான் உதவியது. 2003-இல், அமெரிக்காவில் நடந்த 2001 தாக்குதலைத் திட்டமிட்ட காலித் ஷேக் முகம்மதை ராவல்பிண்டியில் பிடித்தார்கள். அமெரிக்காவுக்கு வேண்டியவன், அமெரிக்கா நெருக்குகிற நேரத்தில், கிடைத்துவிடுவான். நமக்கு வேண்டியவன் மட்டும் கிடைப்பதே இல்லை. மும்பைத் தாக்குதலை இயக்கிய லக்வி 2008 டிசம்பரில் உள்ளே போனான், 2015 ஏப்ரலில் ஜாமீனில் வெளியே வந்தான். அதே கூட்டத்துச் சாஜித் மீர் செத்தே போய்விட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்; பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தைக் கண்காணிக்கிற சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்.பின் சாம்பல் நிறப் பட்டியல் கழுத்தை நெரித்ததும் 2022-இல் அவனுக்குத் தண்டனை என்ற செய்தி வருகிறது. மும்பைக்காக இல்லையப்பா, பயங்கரவாதத்துக்குப் பணம் திரட்டியதற்காக. அதே வருஷம் அக்டோபரில் பாகிஸ்தானின் பெயரும் பட்டியலிலிருந்து நீங்கியது. கணக்கு நேர்.

இவர்கள் இப்படி என்றால் நீ கும்பிடுகிற அமெரிக்கா? மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்துக் கொடுத்த ஹெட்லியை மறந்துவிட்டாயா? அவர்களுடைய போதைப்பொருள் தடுப்புத் துறைக்குத் துப்புக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள். இவனுக்குப் பயங்கரவாதிகளோடு தொடர்பு என்று அவன் மனைவிகளே அமெரிக்க அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார்கள், அதுவும் தாக்குதலுக்கு முன்பே. ஒன்றும் நடக்கவில்லை. 2009 அக்டோபரில் சிகாகோவில் பிடித்தார்கள், 2010 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்; அதற்குப் பேரம், தூக்கும் கிடையாது, இந்தியாவுக்கும் அனுப்பமாட்டோம் என்று. 35 வருஷம் கொடுத்து அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நமக்கு 2016-இல் வீடியோவில் காட்டினார்கள். நீ கொடி ஏற்றிக் கொண்டாடிய ராணா அவனுடைய சிநேகிதன். மும்பைக் குற்றச்சாட்டிலிருந்து 2011-இல் சிகாகோ ஜூரி விடுதலை செய்த ஆள். வந்தது நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அசல் பேர்வழியை வைத்துக்கொண்டு கூட்டாளியை அனுப்பியதற்கு இத்தனை வாணவேடிக்கையா?

இதுவரைக்கும் எழுதியதற்கு நீ தலையாட்டியிருப்பாய். இனிமேல் எழுதப்போவதுதான் உனக்குக் கசக்கும்.

ஹெட்லிக்கு வணிக விசா கொடுத்தது யார்? சிகாகோவில் இருந்த நம்முடைய துணைத் தூதரகம். 2006 செப்டம்பரிலிருந்து வந்து வந்து போனான், தாஜ் ஹோட்டலில் தங்கினான், படகு ஏறித் துறைமுகத்தைச் சுற்றி ஜி.பி.எஸ்.ஸில் இடம் குறித்தான். சரி, முன்னால் தெரியாது. தாக்குதல் முடிந்து நாலு மாதத்தில், 2009 மார்ச்சில், மறுபடியும் இந்தியாவுக்கு வந்து அடுத்த இடங்களைப் பார்த்துவிட்டுப் போனானே! அப்போதும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கடல் வழியாக வரலாம், தாஜைக் குறிவைக்கலாம் என்று அமெரிக்காவிடமிருந்து தகவல்கள் முன்பே வந்திருந்தன. தாஜில் பாதுகாப்பைக் கூட்டிப் பிறகு தளர்த்தினோம் என்று ரத்தன் டாடாவே டிவியில் சொன்னார். அமெரிக்கா மறைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அது வாய்திறந்து சொன்னதையாவது நாம் கேட்டோமா? இன்னொன்று கேள்: தாக்குதல் நடந்த அன்றைக்கு நம் உள்துறைச் செயலாளர் எங்கே இருந்தார் தெரியுமா? பாகிஸ்தானில். பயங்கரவாதத்தைப் பற்றிப் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தார். கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்று ராத்திரி நீ விடாமல் போன் அடித்தது எனக்கு மறக்கவில்லை. நான் சாயந்தர லோக்கலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் சி.எஸ்.டி. ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போனபோது வெளியூர் வண்டிக் கூடத்தில் தரையைக் கழுவியிருந்தார்கள். கவுன்டர் கண்ணாடியில் துளைகள் அப்படியே இருந்தன. அந்த ஸ்டேஷனில் மட்டும் ஐம்பது பேருக்கு மேல். அங்கே அவர்களை எதிர்த்தது யார்? அறிவிப்பு அறையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, பின்பக்கம் போங்கள், வெளியே வராதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்த ஒரு ரயில்வே ஊழியர். தானியங்கித் துப்பாக்கிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிந்த ஒரு ரயில்வே போலீஸ்காரர். அந்தப் பக்கம் சௌபாட்டியில், கையில் லத்தியோடு போய், சுட்டவர்களில் ஒருவனான கசாபின் துப்பாக்கிக் குழாயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்த துக்காராம் ஓம்பளே. சம்பளப் பட்டியலில் அடியில் இருந்தவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

மேலே இருந்தவர்கள்? மத்திய உள்துறை மந்திரி சிவராஜ் பாட்டீல் ராஜினாமா செய்தார். 2010-இல் பஞ்சாப் கவர்னர் ஆனார். முதல்வர் தேஷ்முக், தாஜைப் பார்வையிடச் சினிமா டைரக்டரைக் கூட்டிப்போன புண்ணியவான், போனார். ஆறு மாதத்தில் மத்திய மந்திரி. பெரிய நகரத்தில் இந்த மாதிரிச் சின்னச் சம்பவம் நடக்கும் என்று திருவாய் மலர்ந்த மாநில உள்துறை மந்திரி ஆர்.ஆர். பாட்டீல் ஒரே வருஷத்தில் மறுபடியும் அதே உள்துறை நாற்காலியில். 166 பேர் செத்ததற்கு இவர்கள் எடுத்துக்கொண்டது நீண்ட விடுமுறை, அவ்வளவுதான்.

விசாரணை என்று பார்த்தால் மகாராஷ்டிர அரசு போட்ட பிரதான் கமிட்டி ஒன்றுதான், அதுவும் மாநில போலீசைப் பற்றி மட்டும். உளவுத்துறையையும் டில்லியையும் தொட அதிகாரம் கிடையாது. அதைச் சட்டசபையில் வைக்கவே 2009 டிசம்பர் வரை இழுத்தடித்தார்கள். அன்று சுடப்பட்டு இறந்த மும்பைப் போலீஸ் அதிகாரி கார்க்கரே போட்டிருந்த குண்டு துளைக்காத சட்டை ஆஸ்பத்திரியிலிருந்து காணாமல் போனது, வாங்கிய கோப்பும் காணவில்லை என்றார்கள். அவர் மனைவி கவிதா கேட்டுக்கொண்டே இருந்தார். 2014-இல் அவரும் போய்விட்டார்.

நம்மால் முடியாத காரியமா இது? கார்கில் சண்டை முடிந்த மூன்றாம் நாள் வாஜ்பாய் அரசு விசாரணைக் குழு போட்டது. தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. சில பக்கங்களை மறைத்துத்தான் வெளியிட்டார்கள், இருந்தாலும் வந்தது. அமெரிக்காவில் 2001 தாக்குதலைப் பற்றிய கமிஷன் புஷ்ஷையே உட்காரவைத்துக் கேள்வி கேட்டது, அறிக்கை 2004-இல் புத்தகக் கடையில் கிடைத்தது. அவர்களும் யோக்கியர்கள் என்று நினைக்காதே. விமானங்களைக் கடத்தியவர்கள் 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர்கள். நாடாளுமன்றம் நடத்திய விசாரணையில் சவூதியைப் பற்றிய 28 பக்கங்களை 2016 வரை பூட்டிவைத்தார்கள். கூட்டாளி மனம் நோகக்கூடாதே.

பஹல்காமுக்கு இப்போது என்ன? அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பாதுகாப்பில் குறை இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகச் செய்தி. யாருடைய குறை? இதை எழுதும் இந்த ஜூன் வரை சுட்டவர்கள் பிடிபடவில்லை. இதைக் கேட்டால் ராணுவத்தை அவமதிக்கிறாய் என்பாய், போன முறை போனில் அப்படித்தான் சொன்னாய். சுப்பு, நான் ராணுவத்தைக் கேட்கவில்லை. புல்வெளியில் அத்தனை பேர் இருந்த இடத்தில் ஏன் ஒரு காவலர்கூட இல்லை என்று கேட்கிறேன். டிரம்ப் எனக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை, நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. முனீரும் சொல்லப்போவதில்லை. நான் யாருக்கு ஓட்டுப் போட்டேனோ அவரைத்தானே கேட்கமுடியும்?

அதனால் உனக்கு ஒரு வேலை. ஊர்த் தண்ணீர்த் தொட்டி விவகாரத்தில் தகவல் உரிமை மனு போட்டுப் போட்டு பஞ்சாயத்தை அலறவிட்டவன் நீ. பிரதான் கமிட்டி சொன்ன பரிந்துரைகளில் எதெல்லாம் நிறைவேறியது, எது இன்னும் கோப்பில் தூங்குகிறது என்று மகாராஷ்டிர உள்துறைக்கு ஒரு மனு தயார் செய்து அனுப்பு. பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி இங்கே நான் கொடுத்துவிடுகிறேன். ஒரு சிக்கல், இந்த மாநிலத்தில் மனு 150 வார்த்தைக்குள் இருக்கவேண்டும் என்று விதி. உன் முகவரியே அவ்வளவு வரும். பார்த்துச் சுருக்கி எழுது.

உன்,
ராமநாதன்