கயலுக்கு, பெட்டி கட்டுமுன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய லிஸ்ட்டை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அண்டார்டிகாவைச் சுத்திப் பாக்கப் போறாளா, தனிக்குடித்தனம் போறாளா?" என்று சிரிக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் நாங்கள் போனபோது இவர் கட்டிய மூட்டை எனக்கல்லவா தெரியும்!

முதலில் அந்தப் பெரிய கோட்டை எடுத்து வெளியே வை, கண்ணு. பெரும்பாலான கப்பல்களில் பார்க்காவை, அதுதான் தொப்பி வைத்த தடித்த குளிர்கோட்டு, அவர்களே கொடுத்துவிடுகிறார்கள், முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸும் இரவலாகக் கிடைக்கும். உன் கப்பல்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். தண்ணீர் புகாத மேல்பேன்ட்டை மட்டும் நாம்தான் கொண்டுபோக வேண்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ரப்பர் படகில் கரைக்குப் போனால் பல இடங்களில் தண்ணீரில்தான் கால் வைத்து இறங்கணும். பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விட்டுக்கொள். உள்ளே செருகினால் அடிக்கிற அலையெல்லாம் பூட்ஸுக்குள் வழியும். அப்பா செருகிக்கொண்டார். அன்று முழுக்கப் பெங்குவின்களுக்கு நடுவே சளக் சளக்கென்று நடந்தார்.

டிசம்பரில் நீ போகிற அண்டார்டிகத் தீபகற்பத்தின் பக்கம் பகல் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். மான்செஸ்டரில் இருக்கிறவளுக்கு அது பெரிய குளிரில்லை. காற்றும் ஈரமும்தான் ஆளைச் சாய்க்கும். அதனால் பருத்தி உள்ளுடை வேண்டாம். கரையில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் விடமாட்டார்கள். உன் முறை வரும்வரை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கப்பலின் கதகதப்பில் நிற்கையில் வேர்த்துக் கொட்டும். பருத்தி அந்த வேர்வையைக் குடித்துவிட்டு, படகில் காற்று பட்டதும் முதுகோடு ஒட்டிச் சில்லிடும். மெரினோ கம்பளியில் இரண்டு செட், மேலே ஒரு ஃப்ளீஸ், அதன்மேல் பார்க்கா போதும். ஜீன்ஸை விமானத்தோடு நிறுத்திக்கொள். கையுறை மட்டும் கூடுதலாக இருக்கட்டும், ஒன்று எப்படியும் நனையும்.

அர்ஜென்டினாவின் தென்கோடி உஷுவாயாவில் கப்பலேறி பீகிள் கால்வாயைத் தாண்டினால் அலை புரட்டும் டிரேக் கடல், அதைக் கடக்கக் கிட்டத்தட்ட இரண்டு நாள். குமட்டல் வந்தபிறகு மாத்திரை போட்டு ஒன்றும் ஆகாது, முன்கூட்டியே போடணும். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையும் உண்டு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாங்கு. இஞ்சி மொரப்பா அனுப்பியிருக்கிறேன். அதைக் கப்பலில் வைத்துத்தான் தின்னணும், கரைக்குத் தின்பண்டம் எதையும் கொண்டுபோகக் கூடாது.

கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், உபரி ஒன்றை உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டோடு வை. சன்ஸ்க்ரீனைத் தாடைக்கு அடியிலும் பூசு. வெயில் பனியில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும், அப்பாவுக்கு மூக்கின் அடிப்பக்கம் உரிந்தது. ஒரு நீச்சலுடையும் வைத்துக்கொள். இடுப்பில் கயிறு கட்டி அந்தத் தண்ணீரில் குதிக்கவிடுவார்கள். "முருகா" என்று அப்பா போட்ட சத்தத்தில் ஏறிவந்ததும் எல்லாரும் முருகா யார் என்று கேட்டார்கள்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படி. முதல் கரைக்கு இறங்குமுன் துணி, பை, ஊன்றுகோல் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, வாக்குவம் வைத்து உறிஞ்சிச் சோதிப்பார்கள். என் பையைப் பார்த்த பெண் வெல்க்ரோவில் இடுக்கியை விட்டு எதையோ இழுத்தாள். வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினாள். ஒரு நாயுருவி விதை! நம் தோட்டத்து வரப்பில் சேலையில் ஒட்டுமே, அதே தான். பொள்ளாச்சியிலிருந்து டிரேக் கடல்வரை வந்திருக்கிறது. எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. நாயுருவி அந்தக் குளிரில் முளைக்குமா என்று கேட்காதே, நானும் அதைத்தான் கேட்டேன். அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில் போலந்துக்காரர்களின் ஆர்க்டோவ்ஸ்கி ஆராய்ச்சி நிலையத்தருகே 1980களில் ஒரு சாதாரண ஐரோப்பியப் புல் அப்படித்தான் முளைத்ததாம். பிறகு வருஷக்கணக்கில் குனிந்து பிடுங்கினார்களாம். அந்தக் கண்டத்துக்கே சொந்தமாகப் பூக்கும் செடி இரண்டே இரண்டுதான்.

பறவைக் காய்ச்சல் அங்கேயும் எட்டிவிட்டதால் இப்போது கரையில் உட்காரவோ மண்டியிடவோ கூடாதாம், பையைக்கூடக் கீழே வைக்க முடியாது. ஆகவே தோளில் மாட்டும் பைதான் சரி. லிஸ்ட்டில் அந்த நீலப் பையைத்தானே போட்டிருக்கிறாய்? போன பொங்கலுக்குத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து வரப்பிலேயே போட்டுவைத்தாயே, அது. அதன் ஜிப்பு மடிப்புகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்.

அன்புடன்,
அம்மா