மணமகளின் கன்னத்தில் ஒரு கோடு: ஓஎல்இடி மானிட்டர் குறித்த புகார்

அனுப்புநர்
திருமண ஆல்பம் வடிவமைப்பாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
மானிட்டர் நிறுவனத்தின் கிளை அலுவலகம், சென்னை.

பொருள்: 27 அங்குல ஓஎல்இடி மானிட்டரில் பர்ன்-இன் (ஒரே உருவம் நெடுநேரம் நின்றதால் திரையில் பதிந்துபோன) தழும்பு – உத்தரவாதக் காலத்தில் பேனலை மாற்றித்தர மறுத்தது – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். என் கோரிக்கையை மூன்று காரணங்கள் காட்டி நிராகரித்து, சென்ற வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தீர்கள். அந்த மூன்று காரணங்களும் தங்களுக்குள்ளேயே சண்டை போடுகின்றன. அதனால்தான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

2024 ஆகஸ்டில் 78,500 ரூபாய் கொடுத்து இந்த மானிட்டரை வாங்கினேன். ‘பர்ன்-இன் உட்பட மூன்று ஆண்டுகள்’ என்று உத்தரவாத அட்டையில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பாதி விலையில் கிடைத்த எல்சிடியை விட்டுவிட்டு இதை எடுத்தேன்.

சென்ற ஐப்பசியில், ஆரணிப் பட்டு உடுத்திய ஒரு மணமகளின் படத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கருவிப் பட்டைகளை மறைத்துவிட்டு முழுத்திரையில் பார்த்தபோது, வலது கன்னத்தில் மங்கலான ஒரு கோடு மேலிருந்து கீழாக ஓடியது. பந்தல் கம்பத்தின் நிழல் என்று நினைத்து அந்த இடத்தை மட்டும் வெளுப்பாக்கினேன். அடுத்த படத்திலும் நிழல் இருந்தது, அதையும் வெளுப்பாக்கினேன். படத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்திருந்தால் கோடு திரையில்தான் இருக்கிறது என்று அப்போதே புரிந்திருக்கும். முகூர்த்த மாத அவசரத்தில் அது தோன்றவில்லை. அச்சாகி வந்த ஆல்பத்தில் மஞ்சள் பூசிய கன்னத்தின் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு பட்டை. பெண்ணின் அப்பா என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து மேசை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஒன்பது தாள்களை என் செலவில் மீண்டும் அச்சடித்துக் கொடுத்தேன்.

அன்று இரவே திரை முழுவதும் வெறும் சாம்பல் நிறத்தை வைத்துப் பார்த்தேன். வலப்புறம் கருவிப் பட்டையின் செவ்வகம், அடியில் டாஸ்க்பாரின் கோடு, மூலையில் கடிகாரம் இருந்த இடம் எல்லாம் பழைய சுவரில் நாட்காட்டி மாட்டியிருந்த தடம்போலத் தெரிந்தன.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். இது தற்காலிகமாகப் படிந்த பிம்பம், தானாக மறைந்துவிடும் என்கிறீர்கள். உங்கள் டெக்னீஷியனே வந்து, பிக்சல் எனும் திரைப்புள்ளிகளைச் சரிசெய்ய மானிட்டரிலேயே உள்ள, ஒரு மணி நேரம் பிடிக்கும் பெரிய சீரமைப்பை ஓட்டிப் பார்த்தார். தழும்பு அப்படியே இருக்கிறது. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது; ஒளிரும் கரிமப் பொருள் தேய்கிறது; நீலம் மற்ற நிறங்களைவிட வேகமாகத் தேய்கிறது. தேய்ந்துபோனது மறைந்துபோகாது.

அடுத்து, இரவில் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டதால் தானாக ஓடவேண்டிய வழக்கமான சிறிய சீரமைப்பு ஓடவில்லை, ஆகவே தவறு என்னுடையது என்கிறீர்கள். தற்காலிகம் என்றால் தவறு எங்கிருந்து வந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். சுமார் நான்கு மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது, மின்சாரம் இருந்தால்தான் அது ஓடும் என்பது உங்கள் கையேட்டின் பின்பக்கங்களில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. டெக்னீஷியன் காட்டிய பிறகுதான் கண்டேன். கடையைப் பூட்டும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது எங்கள் ஊரில் அப்பா காலத்துப் பழக்கம். அதை நல்ல பழக்கம் என்றுதான் இதுவரை எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ‘பிளக் சுவிட்சை அணைக்காதீர்கள்’ என்று திரையின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதுமே! ஸ்டிக்கர் ஒட்ட உங்களுக்குத் தெரியாததில்லை. ‘எச்டிஆர் 1000’ என்று பெரிதாக ஒட்டியிருந்தீர்கள், ஒளி 1000 நிட் வரை போகும் என்ற பொருளில்; நிட் என்பது திரையின் ஒளியை அளக்கும் அலகு.

அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் வந்த பெட்டியின் பக்கவாட்டில் ‘டிஸ்ப்ளே எச்டிஆர் ட்ரூ பிளாக் 400’ என்ற முத்திரை இருக்கிறது. மானிட்டர்களுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பு ஓஎல்இடி திரைகளுக்காக 2019இல் கொண்டுவந்த தரம் இது. திரையில் பத்து விழுக்காடு இடம் வெள்ளையாக இருந்தால் 400 நிட், திரை முழுவதும் வெள்ளையானால் 250 நிட் ஒளி வேண்டும் என்கிறது அது. நீங்கள் விளம்பரப்படுத்திய 1000 நிட் திரையின் ஒரு சின்னத் துண்டில் மட்டுமே வரும். வெள்ளை வேட்டிகள் வரிசையாக நிற்கும் குழுப்படத்தைத் திறந்தால் திரை தானாக மங்குகிறது. ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கினால் ஒளி மாறிவிடுகிறது. கருப்பைக் குறை சொல்லமாட்டேன். இரவில் எடுத்த தீபாராதனைப் படத்தை இதில் பார்த்தபின் வேறு திரையைப் பார்க்க மனம் வரவில்லை. ஆனால் அந்த முத்திரை ஒளியையும் கருமையையும் நிறத்தையும் அளப்பது, ஆயுளை அளப்பதல்ல. ஆயுளுக்கு நீங்கள் கொடுத்த அட்டை ஒன்றுதான் எனக்குப் பிடி.

மூன்றாவது காரணம் வணிகப் பயன்பாடு. அட்டையில் அப்படி ஒரு விலக்கு இல்லை. நான் தனி ஆளாக உழைத்துப் பிழைப்பவன். சுயதொழில் மூலம் வாழ்வாதாரத்துக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கொள்ளக்கூடாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பேனலை மாற்றித்தர வேண்டும். இல்லையென்றால் முழுத் தொகையைத் திருப்பித்தர வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர சட்டம் இடம்தருகிறது. எனக்குச் சென்னைக்கு அலையும் வேலை இல்லை. நீங்கள்தான் வேலூர் வெயிலுக்கு வரவேண்டியிருக்கும்.

பில், உத்தரவாத அட்டை ஆகியவற்றின் நகல்கள், சாம்பல் திரையின் புகைப்படம், வீணான ஆல்பத் தாள் ஒன்று ஆகியவற்றை இணைத்துள்ளேன். டெக்னீஷியனை அனுப்புவதாக இருந்தால் வரும் சனிக்கிழமை வேண்டாம். அன்று எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.