காதை அடைத்துக்கொண்டு கேள்

அன்பு மகளுக்கு,

ஸ்வான்ஸ் கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம்மா. 1982இல் நியூயார்க்கில் மைக்கேல் ஜிரா தொடங்கிய ராக் இசைக்குழு அது. 1997இல் கலைந்து 2010இல் மறுபடி கூடியது. ஹெட்ஃபோனில் கேட்டதை வைத்து மேடையைக் கணக்குப் போடாதே. அங்கே சத்தத்தைக் குறைத்தால் பாட்டில் பாதி காணாமல் போகும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரே சுரக்கூட்டைப் பல கிட்டார்கள் பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் அடிக்கும். ஒரு தந்தி 440 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 440 அதிர்வு) இன்னொன்று 442லும் இருந்தால், நொடிக்கு இரண்டு தடவை ஒலி பொங்கி அடங்கும். இப்படி நூறு உரசல்களோடு தந்திகளின் மேல்சுரங்களும் சேரும்போது, யாருமே வாசிக்காத சுரங்கள் மேலே எழும். சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்புராவில் காந்தாரம் தானாகக் கேட்குமே, அதைப் போலத்தான். முதல் இருபது நிமிஷம் வெறும் இரைச்சலாகத் தோன்றினாலும் எழுந்து வந்துவிடாதே. காது பழகிய பிறகுதான் உள்ளே இருப்பது பிரிந்து தெரியும்.

ஆனால் வெறும் காதோடு நிற்கக் கூடாது. 85 டெசிபல் (சத்தத்தின் அளவு) சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம், 106இல் நாலு நிமிஷம்கூட இல்லை. இவர்கள் கச்சேரியோ இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். மொபைல் செயலி காட்டும் அளவை நம்பாதே. அது வழக்கமாகக் காட்டும் 'ஏ' அளவீடு, பேஸ் போன்ற கனத்த தாழ்ந்த ஒலியைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

பஞ்சு வைத்துப் பயனில்லை. நுரை இயர்பிளக் வாங்கு. அரங்குக்குள் போகுமுன், வெளியிலேயே போட்டுக்கொள். மடிப்பு விழாமல் மெல்லிய திரிபோல உருட்டு. மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழு. உள்ளே விட்டு முப்பது நொடி விரலால் பிடித்திரு. அதன்பின் இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பார். சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி போடு. பாதி உள்ளே பாதி வெளியே வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நுரை உச்ச ஒலிகளை அதிகம் விழுங்குவதால் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும். இசைக்காரர்கள் போடும் வடிகட்டி வைத்த வகை சீராகக் குறைக்கும், ஆனால் இவ்வளவு சத்தத்துக்கு அடிவரை போட்ட நுரையைத்தான் நான் நம்புவேன்.

மேடைக்கு முன்னால் முண்டியடிக்காதே. அங்கே கிட்டார் ஆம்ப் நேராக முகத்தில் அறையும், பாடுகிறவர் குரல் ஸ்பீக்கரிலிருந்து தலைக்கு மேல் போய்விடும். ஒலிக்கலவை மேஜைக்குப் பக்கத்தில் நில். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அது சுவரில் மோதித் திரும்புவதால் ஓரிடத்தில் விலா எலும்பு அதிரும், இரண்டு மீட்டர் தள்ளினால் வெகுவாகக் குறைந்துவிடும். நடந்து பார்த்து உன் இடத்தைக் கண்டுபிடி. முட்டியை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்காதே, தலை சுற்றும்.

மறுநாள் காதுக்கு ஓய்வு கொடு, ஹெட்ஃபோன் வேண்டாம். காதுக்குள் இரைச்சல் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் இ.என்.டி. டாக்டரைப் பார். ஒரு காது திடீரென்று அடைத்து மந்தமானால் அன்றைக்கே போ. அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை தாமதித்தால் பலன் குறையும். உள்காதின் மயிர்ச்செல்கள் போனால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

இயர்பிளக்கைக் கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாகத் திருகி எடு. இல்லாவிட்டால் செவிப்பறை வலிக்கும். இரண்டு ஜோடி கொண்டுபோம்மா. பக்கத்தில் யாராவது வெறும் காதோடு நின்றால் ஒன்றைக் கொடு.

அன்புடன்,
அப்பா