முதலில் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்

இலங்கை மலையகத்தில் மின்கார் சார்ஜர் விற்பவர்களுக்கும் பொருத்தித் தருபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் ஹட்டன் பக்கத்தில் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். 22 வருடமாக இதுதான் என் சோறு. முன்பெல்லாம் மின்கார் என்றாலே ஜப்பானில் ஓடி முடித்து வந்த நிசான் லீஃப்தான். டவுனுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை நீங்கிய பிறகு சீனாவின் பிவைடி கார்களும் மலை ஏறத் தொடங்கிவிட்டன. அதிலிருந்து எனக்கு அடிக்கடி ஒரே மாதிரி அழைப்பு வருகிறது: “அண்ணே, சார்ஜர் வாங்கியாச்சு, வந்து கொஞ்சம் மாட்டித் தாங்க.”

அந்த ‘வாங்கியாச்சு’தான் இந்த மடலை எழுத வைத்தது. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டுக்கு எத்தனை அம்பியர் வருகிறது என்று அதுவரைக்கும் விற்றவரும் கேட்டிருக்க மாட்டார், வாங்கியவருக்கும் தெரிந்திருக்காது.

நம் பக்கத்து வீடுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் ஒற்றை பேஸ், அதாவது கரண்ட் வயர் ஒன்றே வருகிற, 30 அம்பியர் இணைப்பு. 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,900 வாட். நீங்கள் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவதோ 7 கிலோவாட் சார்ஜர். முழு வேகத்தில் அது 32 அம்பியர் இழுக்கும். வீட்டில் ஒரு பல்பு கூட எரியாவிட்டாலும் வருகிற கரண்ட் அதற்குப் போதாது. ட்ரிப் சுவிச்சில் 40 என்று அச்சடித்திருப்பதைக் காட்டி “40 அம்பியர் வருதே” என்று என்னோடு வாதாடியவர்கள் இருக்கிறார்கள். அது அந்த சுவிச் தாங்கும் அளவு. வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்பதை மீட்டருக்குப் பக்கத்தில் மின்சார சபை சீல் வைத்த பிரேக்கர்தான் சொல்லும்.

குளிரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகக் குளிக்கிறது. 3.5 கிலோவாட் சுடுதண்ணீர் ஷவர் என்றால் அதற்கே 15 அம்பியர். குசினியில் ரைஸ் குக்கர், அறையில் சட்டைக்கு அயர்ன். கீழே காரில் இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. கொழும்பு வீட்டை மனதில் வைத்து எழுதிய விற்பனைத் தாளில் இந்த ஐந்து மணி இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், ‘ஸ்மார்ட் சார்ஜர்’ என்பதில் வருகிற ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் முதல் அர்த்தம் போன் ஆப் இல்லை. மெயின் வயரைச் சுற்றி மாட்டும் சின்ன வளையம் ஒன்று இருக்கிறது, சிடி கிளாம்ப் என்பார்கள். வீடு அந்த நேரம் எவ்வளவு இழுக்கிறது என்று அது சார்ஜருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஷவரைத் திறந்தால் கார் தானாக 8 அம்பியருக்கு இறங்கும், குளித்து முடித்ததும் மறுபடி ஏறும். 30 அம்பியர் வீட்டுக்கு இந்த ஒரு வசதிக்காகக் காசு கொடுக்கலாம். வர்ணத் திரை, குரல் கட்டளை, மாதாந்த வரைபடம் இதெல்லாம் இல்லாவிட்டாலும் யாருக்கும் ஒரு குறையும் வராது. ஆனால் கடையில் அந்த வளையம் ‘எக்ஸ்ட்ரா’ என்று தனி விலையில் கிடக்கிறது, திரைக்குத்தான் விளம்பரம்.

அவ்வளவு வசதிக்குக் கையில் காசு இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. அம்பியரைக் குறைத்து வைக்கக்கூடிய சாதாரண சார்ஜர் ஒன்றை 16 அம்பியரில் பூட்டிவிடலாம். அது 3.7 கிலோவாட் அளவு. இரவு பத்தரை முதல் விடியற்காலை நாலரை வரை ஆறு மணி நேரத்தில் சுமார் 22 யூனிட் ஏறும், ஷவர் திறக்கும் ஐந்து மணிக்கு முன்பே முடிந்துவிடும். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போய்வருகிற ஆசிரியருக்கு நாளொன்றுக்கு ஏழெட்டு யூனிட் போதும். 10 அம்பியரில் போட்டாலும் அவருக்கு இரவு மிச்சம் இருக்கும். எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான கார்களிலேயே வைத்துவிடலாம். அதற்காக வைஃபை சார்ஜர் வாங்க வேண்டியதில்லை. ஜப்பானிலிருந்து வந்த லீஃப் பலவற்றில் காருக்குள் இருக்கும் சார்ஜரே 3 கிலோவாட்தான். அந்தக் காருக்கு 7 கிலோவாட் பெட்டி விற்பது சரியில்லை. ஒற்றை பேஸ் காருக்கு மூன்று பேஸ் இணைப்பு எடுக்கச் சொல்லி, அதற்கு மேல் 22 கிலோவாட் பெட்டியும் விற்பது அதைவிட மோசம்.

“இரவில் போட்டால் பில் பாதியாகும்” என்று சொல்லி விற்பதையும் நிறுத்துங்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற நேரக்கணக்குக் கட்டணத்துக்கு மாறிய வீட்டுக்குத்தான் அது பொருந்தும். சாதாரண வீட்டுக் கட்டணம் யூனிட் கூடக் கூடப் படிப்படியாக ஏறுகிறது. பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் அங்கே ஒரே விலை. மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் 150 யூனிட்டுக்கு மேல் சேரும். ஏற்கெனவே 100 யூனிட் பாவிக்கிற வீடு 180ஐத் தாண்டி மிக உயர்ந்த படிக்குப் போய்விடும். அந்த முதல் பில் வரும் நாளில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குறை சொல்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டைக்கு அவர்கள் இருவரும் காரணமில்லை.

இனிச் சொல்லப்போவதற்காகவே நீங்கள் இந்த மடலைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பண்டாரவளைப் பக்கம் ஒரு வீடு. புதிய சார்ஜர், மாட்டி இரண்டு கிழமை. ஹீட்டர் வேலைக்குப் போன நான் பழக்கத்தில் அந்தப் பெட்டியையும் திறந்து பார்த்தேன். கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் வயர் எங்கும் போகவில்லை. பெட்டிக்குள்ளேயே கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரோடு சேர்த்து முறுக்கி வைத்திருந்தது. வீட்டுக்கு நல்ல எர்த் இல்லாததால் முதல் நாள் சார்ஜர் சிவப்பு லைட் காட்டி ஓட மறுத்திருக்கிறது. பொருத்த வந்தவர் அதை ‘மிஷின் கோளாறு’ என்று சொல்லி, இந்த முறுக்கைப் போட்டுப் பச்சை லைட் வரவழைத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சிவப்பு லைட் கோளாறு இல்லை. அந்த வீட்டில் சரியாக வேலை செய்த ஒரே பாதுகாப்பு அதுதான். காற்றடித்து மரக்கிளை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். நம் ஊரில் மரக்கிளை விழாத மழைக்காலம் எது? நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை வெறுங்காலோடு கார்க் கதவைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. மெயினை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கை நடுக்கம் நிற்க நேரமானது.

மலையில் எர்த் போடுவது லேசான வேலை இல்லை, எனக்கும் தெரியும். இரண்டு அடி இறங்குவதற்குள் பாறை தட்டும். அதற்காக விட்டுவிட முடியாது. ஈரம் நிற்கிற வடிகால் பக்கம் இடம் தேட வேண்டும். ஒரு கம்பி போதாவிட்டால் தள்ளி இன்னொன்று அடித்து இரண்டையும் இணைக்க வேண்டும். எர்த் சோதிக்கும் கருவி வைத்து அளந்து பார்க்க வேண்டும். அரை நாள் கூலி கூடும். அந்தக் கூலியை நீங்கள் சொல்லும் விலையிலேயே எழுதிவிடுங்கள். சார்ஜர் வாங்கி முடிந்த பிறகு நான் போய்க் கேட்டால் ‘வயரிங்காரன் காசு பிடுங்குகிறான்’ என்றுதான் நினைக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான பழைய லயங்களுக்கும் இதே பேச்சுத்தான், இன்னும் கவனமாக. தோட்டத்திலிருந்து வெளிநாடு போய் உழைத்துவிட்டு வந்த பிள்ளைகள் கார் வாங்குகிறார்கள், சந்தோசம். ஆனால் இரவு ஏழு மணிக்கு பல்பே மங்குகிற லைனில் 13 அம்பியர் பிளக் பொயின்ட்டில் எட்டு மணி நேரம் காருக்குச் சார்ஜ் ஏற்றினால் பிளக் உருகக்கூடும். ஜப்பான் காரோடு வருகிற சார்ஜ் கேபிளின் முனையை வெட்டி நம்மூர் பிளக் மாட்டி விற்கிறவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

மின்கசிவைப் பற்றியும் ஒன்று. கார் சார்ஜாகும்போது நேர்மின்னோட்டமாகவும் (டிசி) கசியலாம். வீட்டில் இருக்கிற சாதாரண ட்ரிப் சுவிச்சை அது செயலிழக்க வைத்துவிடக்கூடும். சார்ஜருக்குள் 6 மில்லிஅம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் பாகம் இருக்கிறதா என்று பார்த்து இறக்குமதி செய்யுங்கள். விலை குறைந்த பெட்டிகளில் முதலில் காணாமல் போவது அதுதான்.

நம் வீடுகளின் அமைப்பே வேறு. கார் ரோட்டோரத்தில் நிற்கும், வீடு நாற்பது படி மேலே இருக்கும். 40 மீற்றர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தாலும் 32 அம்பியர் ஓடும்போது 8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 அம்பியர் என்றால் அதில் பாதிதான். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி தொடங்கினால் டிவி பிளக்கைக் கழற்றுகிற சனம் நாம். சுவரில் அறைந்த சார்ஜரைக் கழற்ற முடியாது. கைக்கு எட்டுகிற இடத்தில் தனியாக ஒரு சுவிச்சும், போர்டில் மின்னல் தடுப்பானும் வைத்துக் கொடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் கரண்டும் போன் சிக்னலும் போன இடங்கள் எத்தனை! இணையம் இருந்தால்தான் வேலை செய்வேன் என்கிற சார்ஜர் இங்கே வேண்டாம். அட்டை காட்டியோ பொத்தானை அமுக்கியோ ஓடவேண்டும்.

ஏற்ற இறக்கத்தைப் பற்றி வாங்குகிறவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி 500 மீற்றர் அளவு. 1,500 கிலோ கார் அந்த உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி ஐந்து யூனிட்டுக்கு மேல். அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். பேட்டரி நூறு வீதம் நிரம்பியிருந்தால் அது ஏற இடமில்லை, பாரம் முழுக்க பிரேக்குக்குப் போகும். ஆகவே மேலே இருக்கிறவர் காலையில் இறங்குவதாக இருந்தால் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துவது நல்லது. ஆனால் “ஆப்பில் 80 வீதம் வையுங்கள்” என்று சொல்லாதீர்கள். வீட்டில் மாட்டுகிற சாதாரண ஏசி சார்ஜருக்குப் பேட்டரியின் வீதம் தெரியாது. எத்தனை யூனிட் போனது என்பது மட்டும்தான் தெரியும். வீதத்தைக் காரிலேயே வைக்கச் சொல்லிக் காட்டிக் கொடுங்கள்.

பெட்டிக்குள் வருகிற புத்தகம் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருக்கிறது. சிவப்பு லைட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கமாவது தமிழில் அச்சடித்து வையுங்கள். எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம்.

அடுத்த முறை ஒருவர் போனில் விலை கேட்டால், மீட்டர் பெட்டியையும், ட்ரிப் சுவிச் போர்டையும், கார் நிற்கும் இடத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு வயரிங் தொழிலாளி