நதியாவின் இரத்த அறிக்கை பற்றி

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் குகனுக்கு,

உன் கடிதமும் மகளின் பரிசோதனை அறிக்கையும் கிடைத்தன. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மச்சான்: பிள்ளைக்கு நோய் இல்லை. நதியா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவி, அதாவது மாறிய எழுத்தைச் சுமப்பவள், அவ்வளவுதான். அவள் ஓடலாம், வேலை செய்யலாம், கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். இதைச் சாந்திக்கும் வாசித்துக் காட்டிவிட்டு மிச்சத்தை ஆறுதலாகப் படி.

மூன்று கேள்விகள் கேட்டிருந்தாய். ஒரேயொரு எழுத்து மாறியதற்கா இவ்வளவு? இது எந்தப் பக்கத்தால் வந்தது? கலியாணப் பேச்சை நிறுத்துவதா? முதல் கேள்விக்குத்தான் நீண்ட பதில். நீ வர்த்தகப் பிரிவுக்குப் போனாய், நான் உயிரியலுக்கு வந்தேன். இத்தனை வருடம் படிப்பித்த பிறகும் இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது எனக்கு உற்சாகம் குறைவதில்லை. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

நம் உடம்பின் கலங்கள் பெரும்பாலானவற்றின் கருவுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது. நீட்டி வைத்தால் ஒரு கலத்தில் உள்ளது மட்டும் ஏறக்குறைய 2 மீற்றர் வரும். அதில் இருப்பவை ஏ, ரி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள்தான். தாயிடமிருந்து ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள், தகப்பனிடமிருந்து அதேயளவு. இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிக் கிடக்கின்றன. ஒன்றில் ஏ இருந்தால் எதிரே ரி, ஜி இருந்தால் எதிரே சி. 1953இல் வாற்சனும் கிரிக்கும் இந்த அமைப்பைச் சொன்னார்கள். அதற்கு ஆதாரமான எக்ஸ்-கதிர்ப் படங்களில் மிகத் தெளிவானது ரோசலின்ட் பிராங்ளினின் ஆய்வுகூடத்தில் எடுக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தைத் தொடங்குவதே இல்லை.

இந்த எழுத்துகள் தாமாக எதையும் செய்வதில்லை. வேலை செய்பவை புரதங்கள். ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினும் புரதம், சோற்றைச் சமிக்கச் செய்யும் நொதியங்களும் புரதம். 20 வகை அமினோ அமிலங்களை எந்த ஒழுங்கில் கோப்பது என்பதைத்தான் டி.என்.ஏ. சொல்கிறது. ஆனால் டி.என்.ஏ. கருவை விட்டு வெளியே வராது. புரதம் செய்யப்படுவதோ கருவுக்கு வெளியே. எங்கள் வீடுகளில் காணி உறுதியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தேவைப்படும் இடத்துக்கெல்லாம் பிரதியைக் கொண்டு திரிவோமே, அதே ஏற்பாடு. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. அதுதான் தூது ஆர்.என்.ஏ. அதில் ரி வரவேண்டிய இடங்களில் யூ என்ற எழுத்து வரும். வேலை முடிந்ததும் பிரதி சிதைக்கப்பட்டுவிடும், மூலம் அப்படியே இருக்கும்.

வெளியே வந்த பிரதியை, புரதத்தைக் கோக்கும் பொறியான இரைபோசோம் வாசிக்கிறது. மும்மூன்று எழுத்தாக வாசிக்கும். மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். நான்கு எழுத்துகளிலிருந்து மும்மூன்றாக எடுத்தால் 64 கூட்டங்கள் வரும். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், மற்ற மூன்றும் 'நிறுத்து' என்று சொல்லும். 1961இல் அமெரிக்காவில் நிரென்பேர்க்கும் மத்தேயியும் யூ என்ற எழுத்து மட்டுமே திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ. ஒன்றைக் கலச் சாற்றுக்குள் விட்டுப் பார்த்தார்கள். வந்த புரதத்தில் பினைல்அலனீன் என்ற ஒரே அமினோ அமிலம்தான் இருந்தது. யூ-யூ-யூ என்றால் பினைல்அலனீன். அகராதியின் முதல் சொல் அப்படித்தான் தெரியவந்தது. மிச்சச் சொற்களைக் கண்டறிந்ததில் பஞ்சாபில் பிறந்த கோரானாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1968இல் நிரென்பேர்க், ஹொலி ஆகியோரோடு அவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009இல் நோபெல் பெற்ற மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்தவர். எங்கள் ஊர்ச் சனம் திருவாதிரைக்குக் கப்பலேறிப் போன சிதம்பரம், நாவலர் பள்ளிக்கூடம் கட்டிய சிதம்பரம். அதைச் சொன்னால் வகுப்பில் பின்வாங்கில் இருக்கிற பெடியனும் நிமிர்ந்து பார்ப்பான்.

இனி நதியாவின் எழுத்துக்கு வருவோம்.

ஈமோகுளோபினில் நான்கு சங்கிலிகள்: இரண்டு அல்பா, இரண்டு பீற்றா. பீற்றாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதற்கான பரம்பரையலகு, அதாவது அந்தப் புரதத்துக்கான டி.என்.ஏ. பகுதி, 11ஆம் நிறமூர்த்தம் என்ற டி.என்.ஏ. கட்டில் இருக்கிறது, நீளம் ஏறத்தாழ 1600 எழுத்துகள். கணக்குப் படித்தவன் நீ, உடனே கேட்பாய்: 146 அமினோ அமிலங்களுக்கு 438 எழுத்துகள் போதுமே, மிச்சம் எதற்கு? அங்கேதான் விசயம் இருக்கிறது. எடுத்த பிரதியின் நடுவே புரதத்துக்குத் தேவையில்லாத இரண்டு துண்டுகள் கிடக்கின்றன. ஒன்று 130 எழுத்து, மற்றது ஏறத்தாழ 850. அவற்றை வெட்டி எறிந்து, மிஞ்சியவற்றை ஒட்டிய பிறகுதான் பிரதி கருவை விட்டு வெளியேறும். இப்படி ஒரு வெட்டு நடக்கிறது என்பதே 1977 வரை யாருக்கும் தெரியாது. ஷார்ப், ரொபேர்ட்ஸ் என்ற இருவரின் ஆய்வுகூடங்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

எங்கே வெட்டுவது என்பதும் எழுத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வெட்ட வேண்டிய துண்டு ஜி-யூ என்று தொடங்கும். அதைச் சுற்றியுள்ள எழுத்துகளோடு ஒரு சிறிய ஆர்.என்.ஏ. வந்து சோடி சேர்ந்து பார்க்கும். நன்றாகப் பொருந்தினால் அங்கே வெட்டு. நதியாவிடம் மாறியிருப்பது முதல் துண்டின் ஐந்தாவது எழுத்து. ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. 'ஐ.வி.எஸ். 1-5' என்று அறிக்கையில் போட்டிருப்பது இதைத்தான். புரதத்தில் வரும் எந்த அமினோ அமிலத்தையும் குறிக்காத எழுத்து அது. வெட்டி எறியப்படப் போகிற துண்டுக்குள் இருக்கும் எழுத்து!

ஆனால் அது மாறியதால் அந்த இடத்தின் பொருத்தம் குறைந்துவிடுகிறது. சில பிரதிகள் சரியாகவே வெட்டப்படும். பலவற்றில் வெட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். 38 எழுத்து முன்னால், அல்லது 16 எழுத்து முன்னால், அல்லது 13 எழுத்து பின்னால். இந்த மூன்று எண்களில் ஒன்றாவது மூன்றால் வகுபடுகிறதா, பார். அதனால் வெட்டுக்குப் பிறகு வரும் மூன்றெழுத்துக் கூட்டங்கள் எல்லாமே இடம் பிசகிவிடும்.

இடம் பிசகினால் என்ன ஆகும் என்று பீற்றாச் சங்கிலியின் தொடக்கத்தையே வைத்துக் காட்டுகிறேன். 'தொடங்கு' என்ற ஏ-யூ-ஜிக்குப் பிறகு வருவது ஜி-யூ-ஜி, சி-ஏ-யூ, சி-யூ-ஜி, ஏ-சி-யூ. அதாவது வலீன், ஹிஸ்ரிடீன், லியூசீன், திரியோனீன். இதில் முதல் ஜியை மட்டும் எடுத்துவிட்டு மும்மூன்றாக வாசித்துப் பார்: யூ-ஜி-சி, ஏ-யூ-சி, யூ-ஜி-ஏ. இந்த யூ-ஜி-ஏ 'நிறுத்து' என்று சொல்லும் மூன்றில் ஒன்று. 146 போக வேண்டிய சங்கிலி இரண்டோடு நின்றுவிடும். தொலைந்தது ஒரே ஒரு எழுத்துத்தான், மற்ற எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். நதியாவின் பிழையான பிரதிகளுக்கும் இந்த வகைக் கதிதான். அவற்றிலிருந்து பயன்படும் சங்கிலி வராது, கலமே அவற்றைச் சிதைத்துவிடும்.

சரி, அப்படியானால் அவள் எப்படி நலமாக இருக்கிறாள்? அவளிடம் தாயும் தகப்பனும் தந்த இரண்டு தொகுதி இருக்கிறதே. ஒன்றில் ஐந்தாவது எழுத்து ஜியாகவே இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால்தான் சிவப்புக் கலங்கள் கொஞ்சம் சிறிதாகவும் வெளிறியும் இருப்பதோடு நிற்கிறது. இதை இரும்புச்சத்துக் குறைபாடு என்று நினைத்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து குளிசை குடித்தும் அவளுக்கு எண் ஏறவில்லை என்று எழுதியிருந்தாயே, காரணம் இதுதான். இரும்பு குறைவாக இருப்பதாக இரத்தத்தில் பார்த்து உறுதிப்படுத்தாமல் இனி அந்தக் குளிசை வேண்டாம் என்று அங்குள்ள டொக்டரிடம் கேட்டுக்கொள்.

இரண்டாவது கேள்வி. உன்னிடமிருந்தோ சாந்தியிடமிருந்தோ வந்திருக்கும். இருவரும் இரத்தம் கொடுத்தால் தெரியும். கொடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் உன் தம்பியின் பிள்ளைகளுக்கோ சாந்தியின் தங்கையின் பிள்ளைகளுக்கோ அந்தத் தகவல் தேவை. ஆனால் அதை வழக்காக்காதே. இந்தியாவிலும் இலங்கையிலும் பீற்றாத் தலசீமியாவுக்குக் காரணமான மாற்றங்களில் மிகப் பரவலானவற்றில் இதுவும் ஒன்று. குருணாகலில் இதற்கென்றே தேசிய நிலையம் நடத்துகிறார்கள் என்றால் யோசித்துப் பார். மலேரியா இருந்த நாடுகளில்தான் இது அதிகம். காவியாக இருப்பவர்களை மலேரியாவின் கடுமை அவ்வளவாகத் தாக்குவதில்லை, அதனால் அவர்கள் தப்பிப் பிள்ளைகளைப் பெற்றார்கள். 95இல் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன எங்கள் சனம் அந்தக் காய்ச்சலில் எப்படிக் கிடந்தது என்று உனக்குத் தெரியும். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல்தான். உங்கள் இரு குடும்பங்களில் ஒன்றில் யாரோ ஒரு பூட்டியோ பூட்டனோ பிழைத்ததற்கு இந்த எழுத்தும் காரணமாக இருந்திருக்கலாம். அதை வைத்துச் சாந்தியைக் குத்திக் கதைக்கும் சொந்தக்காரரிடம் இதைச் சொல்.

மூன்றாவது, கலியாணம். நிறுத்தத் தேவையில்லை. மானிப்பாய்ப் பெடியன் இரத்தம் சோதிக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். அவன் காவி இல்லையென்றால் பிள்ளைகளுக்கு நோய் வராது. ஒவ்வொரு பிள்ளையும் நதியாவைப் போலக் காவியாகப் பிறக்க அரைவாசி வாய்ப்பு, அவ்வளவே. அவனும் காவி என்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு, பிள்ளைக்கு இரண்டு தொகுதியும் பிழையாக வர வாய்ப்பு உண்டு. இந்த எழுத்து இரண்டு பக்கத்தாலும் வந்த பிள்ளைக்கு மாதம் ஒரு தடவையாவது இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், ஏற்றிய இரத்தத்தால் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. அந்தப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், குகன். சாதகப் பொருத்தத்துக்கு இங்கே எத்தனை பேரிடம் ஓடுகிறோம். முழு இரத்தக் கணக்கெடுப்பும், தேவைப்பட்டால் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனையும் செய்ய ஒருமுறை இரத்தம் கொடுத்தால் போதும். அவனும் காவி என்று வந்தாலும் கதை அதோடு முடியாது, கரு உருவான பிறகு சோதிக்கும் வழிகள் இருக்கின்றன. ஆனால் அந்த முடிவு அவர்கள் இருவருடையது, எங்களுடையதல்ல.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும்போது நாம் எல்லோரும் வேறொரு வகை ஈமோகுளோபினைத்தான் செய்கிறோம். பிறந்து சில மாதங்களில் அந்தப் பரம்பரையலகு வாசிக்கப்படாமல் அடங்கிவிடும், ஆனால் அழிவதில்லை. நோயாளியின் சொந்த என்புமச்சைக் கலங்களை எடுத்து, அதை அடக்கி வைத்திருக்கும் கட்டளையை, டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறையால் குலைத்துத் திரும்ப உடம்புக்குள் விடும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. பிழையான எழுத்தை அவர்கள் திருத்தவில்லை, அடங்கிக் கிடந்த நல்ல எழுத்தைத் திரும்ப வாசிக்க வைத்தார்கள். செலவைக் கேட்டால் எங்களைப் போன்ற நாடுகளுக்குத் தலை சுற்றும். அது குறைய வேண்டும், குறையும் என்றுதான் நம்புகிறேன்.

இங்கே வெயில் கடுமை. கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் வருவாயா என்று மாமி கேட்டுக்கொண்டே இருக்கிறா.

பெடியனின் வீட்டாருக்கு இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினால் நான் போய்க் கதைக்கிறேன். அவனுடைய தகப்பன் விளங்கிக்கொள்ளக்கூடிய மனிசன். நதியா சம்மதித்தால் மட்டும்தான், அவளைக் கேட்காமல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். அவளிடம் கேட்டு எழுது. அறிக்கையின் இரண்டாம் பக்கம் மங்கலாக வந்திருக்கிறது, காவியா என்று காட்டும் ஈமோகுளோபின் ஏ2 என்ற வகை எத்தனை வீதம் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பப் படமெடுத்து அனுப்பிவிடு.

அன்புடன்,
இரவி