மூன்று ஆட்டங்களாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். அண்ணன் விஷயம் நீ விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது.

மூன்று ஆட்டங்களாக அணிப் பட்டியலில் உன் பெயர் இல்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை. கடைசியாக நீ ஆடிய வீடியோவைப் பார்த்தேன். உன் தலை ஆஃப் பக்கம் சாய்கிறது அம்மா. முன்தோளை அவ்வளவு மூடிக்கொண்டு நின்றால் கவர் டிரைவ் அழகாக வரும், அன்று நீ அடித்ததைப் போல. நான்கு முறை திரும்பப் பார்த்தேன். ஆனால் உள்ளே வரும் பந்துக்கு முன்கால் குறுக்கே போய்விடும். மட்டை காலைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் எல்பிடபிள்யூ. கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். காலையும் இவ்வளவு அகட்டாதே. உடம்பு ஆடாது, சரி, சுழற்பந்துக்கு இறங்கி வரத் தாமதமாகும்.

முன்தோளைச் சற்றுத் திறந்து, பந்து போடுபவரைப் பார்த்தபடி நின்று பார். பந்து இரண்டு கண்ணுக்கும் தெரியும், லெக் பக்கம் ஆட வழி கிடைக்கும். வெளியே போகும் பந்தை எட்டப்போய் ஸ்லிப்பில் கேட்ச் கொடுப்பதுதான் அதில் ஆபத்து. வெஸ்ட் இண்டீஸ் சந்தர்பால் ஏறக்குறைய நெஞ்சைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். பந்து வரும்போது நகர்ந்து பக்கவாட்டுக்கு வந்துவிடுவார். 164 டெஸ்டில் 11,867 ரன். கோலி 2014இல் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன்தான் எடுத்தார். நிற்பதைத் திருத்திக்கொண்டு 2018இல் போனவர் 593 எடுத்தார். இடையில் அவர் வீட்டுக்குப் பேசாமல் இருந்திருக்க மாட்டார்.

பதினோரு வயதில் நீ திறந்துதான் நின்றாய். யாரும் சொல்லித்தரவில்லை. எங்கே போட்டாலும் மட்டையில் பட்டது. நான்தான் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கால் கோட்டை விட்டு விலகினால் இன்னும் இருபது பந்து என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன். புத்தகம் காரணமில்லை. மைதானத்தில் நின்ற இருவர் "நண்டு மாதிரி நிற்கிறது பார்" என்று சிரித்தார்கள். எனக்குக் கூசிவிட்டது. உன் காதில் விழுந்திருக்காது என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று வீடு வரும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்கள் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், மறக்காதே.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். மூன்று ஆட்டமும் அதனால்தான் என்றால் ஒரு வரி எழுது. அதனால் இல்லை என்றாலும் ஒரு வரி எழுது.

அப்பா