பழைய நான்கு சக்கர இயக்க வாகனத்தின் அதிர்வு: கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நான்கு சக்கர இயக்க வாகனங்களின் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெரும்பகுதி பயனுள்ளதாகவே இருந்தது. ஆனால், ஓட்டத்தில் அதிர்வு தோன்றினால் முதலில் சக்கரங்களுக்கு வீல் பேலன்சிங் (எடைச் சமன்) செய்ய வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் யுனிவர்சல் ஜாயின்ட்டுகளை (சுழலும் தண்டுகளைச் சாய்வாக இணைக்கும் மூட்டுகளை) மாற்ற வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்த ஆலோசனையை அப்படியே ஏற்று நடப்பவர்களில் பலர், நல்ல நிலையில் உள்ள பாகங்களை மாற்றிச் செலவு செய்த பிறகும் அதே அதிர்வோடுதான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்று அஞ்சுகிறேன். இத்தகைய வாகனங்களை நெடுங்காலமாக வைத்திருந்து, அவற்றின் வேலைகளில் பெரும்பாலானவற்றை நானே செய்துவருபவன் என்ற முறையில் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சாதாரண காரில் இல்லாத டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), அதிலிருந்து அச்சுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்ல முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட், அந்தச் சுழற்சியை இடவலச் சக்கரங்களுக்குப் பகிரும் இரண்டு டிஃபரன்ஷியல், அவற்றுக்கு இடையே பல ஜாயின்ட்டுகள் என்று இவ்வாகனங்களில் சுழலும் உறுப்புகள் அதிகம். அவற்றின் சத்தம் சேசிஸ் வழியாகப் பரவுவதால், முன் அச்சில் பிறக்கும் உறுமல் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையின் அடியிலிருந்து வருவதுபோல் கேட்பதும் உண்டு. ஆகவே, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை நம்பித் தேடுவதைவிட, அது எதனோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்ப்பதே சரியான தொடக்கம். சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து அனுப்பி, என்ன கோளாறு என்று கேட்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. எந்த வேகத்தில், எந்த கியரில், ஆக்சிலரேட்டரை மிதித்தபோதா விட்டபோதா என்ற விவரங்கள் இல்லாமல் அந்தப் பதிவால் பெரிய பயன் இல்லை.

முதற்சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. அதிர்வு மிகுதியாக இருக்கும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். என்ஜின் சுழற்சி கூடியும் அதிர்வு அதே வேகத்தில் மாறாமல் நின்றால், காரணம் கியர்பாக்ஸுக்குப் பின்னால், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் முதல் சக்கரம் வரை உள்ள பகுதியில் இருக்கிறது. அதிர்வு என்ஜின் சுழற்சியைப் பின்தொடர்ந்து வேறு வேகத்துக்கு இடம் மாறினால், என்ஜின், கிளட்ச், என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் அந்த வேகத்திலேயே நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டால் இது மேலும் உறுதிப்படும். அப்போது என்ஜினை அணைத்துவிடக் கூடாது. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும் என்பதோடு, சாவியைத் திருப்புகையில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

அடுத்து, அதிர்வு எவ்வளவு விரைவானது என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 2.2 மீட்டர் சுற்றளவுள்ள டயர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 முறை சுழலும். டிஃபரன்ஷியலின் பல் விகிதம் 4 என்றால், அதே நேரத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 40 முறை சுழலும். யுனிவர்சல் ஜாயின்ட் சாய்ந்த நிலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்புகளைத் தருவதால், அதன் கோணக் கோளாறு நொடிக்கு 80 முறை உணரப்படும். எனவே டயர், ரிம் ஆகியவற்றின் குறை பெரும்பாலும் ஸ்டியரிங்கிலோ இருக்கையிலோ மெதுவான உலுக்கலாகத் தெரியும்; ஷாஃப்டின் குறை தரைத்தகட்டில் கூசும் அதிர்வாகவும் காதில் ரீங்காரமாகவும் தெரியும். இரண்டாவது வகை அதிர்வுக்கு எத்தனை முறை வீல் பேலன்சிங் செய்தாலும் பலன் இருக்காது. தங்கள் கட்டுரையில் இந்த வேறுபாடு ஒரு வரியில்கூடச் சொல்லப்படவில்லை.

யுனிவர்சல் ஜாயின்ட் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பழுதற்ற ஜாயின்ட்டாலும் அதிர்வு வரலாம். ஒரு ஜாயின்ட் கோணத்தில் இயங்கும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியேறும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் செல்கிறது. ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள இரண்டாவது ஜாயின்ட் இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்ட வேண்டுமானால், ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் கவைகள் (கவட்டை வடிவ முனைகள்) ஒரே தளத்தில் அமைந்திருக்க வேண்டும், இரு ஜாயின்ட்டுகளின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது நடுவிலுள்ள வழுக்கும் ஸ்பிளைன் (நீளவாட்டுப் பற்களால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இணைப்பு) ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டாலே முதல் நிபந்தனை குலைந்துவிடும். வாகனத்தை உயர்த்துவதற்காக ஸ்பிரிங்குகளை மாற்றும்போது டிஃபரன்ஷியலின் முகம் சாய்ந்து இரண்டாவது நிபந்தனை குலைகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை ஜாயின்ட் உள்ள ஷாஃப்டுக்கு விதி வேறு. அங்கே பினியன் (ஷாஃப்டின் சுழற்சியை டிஃபரன்ஷியலுக்குள் கொண்டுசெல்லும் சிறு பல்சக்கரத்தண்டு) ஏறக்குறைய ஷாஃப்டின் நேர்க்கோட்டிலேயே அமைய வேண்டும். ஆகவே, வேலை பார்த்துவிட்டு வந்த பிறகு தொடங்கிய அதிர்வு என்றால், தேய்மானத்தைத் தேடுவதற்கு முன், கடைசியாக எது கழற்றப்பட்டது என்று கேட்பதே முறை. கழற்றுவதற்கு முன் ஸ்பிளைனிலும் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்டை போல்ட்டால் இணைக்கும் தட்டிலும்) பெயின்ட்டால் அடையாளமிட்டுவிட்டால் இந்தச் சங்கடமே எழாது. ஷாஃப்டில் விழுந்த நெளிவு, உதிர்ந்துபோன சமன் எடைத்துண்டு, அதன்மேல் காய்ந்து ஒட்டிய சேறு ஆகியவையும் இதே அதிர்வைத் தரும்.

தேய்ந்த ஜாயின்ட்டைக் கண்டறிவது எளிது. வாகனம் நின்றிருக்கையில் ஷாஃப்டைக் கையால் இருபுறமும் முறுக்கினால் ஜாயின்ட்டின் நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டுக்கும் கவைக்கும் இடையே ஆட்டம் தெரியும். சிலுவையின் முனைகளை மூடியிருக்கும் பேரிங் கிண்ணங்களின் விளிம்பில் செங்கல் நிறத் துருப்பொடி படிந்திருக்கும். மெதுவாக ஓட்டும்போது சீரான இடைவெளியில் கீச்சொலி கேட்கும். கிளட்சை விடும்போது கேட்கும் ‘டக்’ ஒலிக்கு மட்டும் உடனே ஜாயின்ட்டைக் குற்றம் சொல்லிவிட முடியாது. வறண்ட ஸ்பிளைன், டிஃபரன்ஷியல் பற்களின் இடைவெளி, ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்திருப்பது, கிழிந்த மவுண்டிங் ஆகிய எல்லாமே அதே ஒலியைத் தரக்கூடியவை, பழைய வாகனத்தில் இவை ஒவ்வொன்றிலும் உள்ள சிறு ஆட்டம் சேர்ந்து ஒரே பெரிய ஒலியாகக் கேட்பதும் உண்டு.

ஓலமும் உறுமலும் வேறு கதை. டிஃபரன்ஷியலுக்குள் உள்ள கிரவுன், பினியன் பல்சக்கரங்களின் ஓலம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மாறும். சக்கர பேரிங்கின் உறுமல் பொதுவாக அதற்கு மாறாது. வாகனத்தை மெல்ல இடமும் வலமும் வளைத்தால் மாறும். இடப்புறம் திருப்பும்போது எடை வலப்புறம் சாய்வதால், உறுமல் அப்போது கூடினால் பெரும்பாலும் வலச்சக்கர பேரிங்கையே ஐயுற வேண்டும். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயரும் பேரிங்கைப் போலவே உறுமும். ஆனால் சாலையின் மேற்பரப்பு மாறினால் அந்த ஒலியும் மாறும், டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டால் ஒலியும் உடன் இடம்பெயரும். டிஃபரன்ஷியலின் எண்ணெயை வடிக்கும்போது காந்த அடைப்பில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை இல்லை. சில்லுகள் இருந்தால் மேலும் ஓட்டக் கூடாது.

இத்தனை உறுப்புகள் இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: பாதியை நிறுத்திவிட்டு மீதியைச் சோதிக்கலாம். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாறும் வாகனத்தில், முன் ஹப்புகளை (சக்கரங்களை அச்சுத்தண்டோடு இணைக்கும் பூட்டுகளை) விடுவித்து இரு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் முன் ஷாஃப்டும் முன் டிஃபரன்ஷியல் பற்களும் சுழல்வது நிற்கும்; சத்தமும் நின்றால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும். விடுவிக்கும் ஹப் இல்லையென்றால் முன் ஷாஃப்டையே கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை வாகனத்தில் அப்படி ஒரு ஷாஃப்டைக் கழற்றினால், முன், பின் ஷாஃப்டுகளுக்கு இடையே உள்ள நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாமல் வாகனம் நகராது. நடு டிஃபரன்ஷியல் இல்லாத வாகனத்தைக் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் திருப்பும்போது வரும் இழுப்பும் உதறலும் பழுதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வளைவில் செல்வதால் உண்டாகும் இறுக்கம் அது.

இறுதியாக, தங்கள் கட்டுரையில் உடனே திருத்தப்பட வேண்டிய ஒரு வரி. வாகனத்தின் அடியில் வேலை செய்யும்போது கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டால் போதும் என்று எழுதப்பட்டிருந்தது. லேண்ட் ரோவரின் பழைய சீரிஸ் வகைகளிலும் 2016 வரை தயாரான பழைய டிஃபெண்டரிலும் ஹேண்ட்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் இருந்துகொண்டு ஷாஃப்ட் வழியாகவே சக்கரங்களைப் பிடிக்கிறது. இரு சக்கர இயக்கத்தில் நிற்கும் சீரிஸ் வண்டியில் பின் ஷாஃப்டைக் கழற்றியதும் கியரும் ஹேண்ட்பிரேக்கும் எந்தச் சக்கரத்தையும் பிடிக்காது. ஷாஃப்ட் இருந்தாலும், ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக மற்றச் சக்கரம் உருள முடியும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், எந்த வாகனமானாலும் கியரில் போட்டு நிறுத்துவதில் பயனில்லை. ஆகவே, சமதரையில் நிறுத்தி, தரையில் ஊன்றிய சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஆக்சிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே அடியில் படுக்க வேண்டும் என்ற திருத்தத்தை, அந்தக் கட்டுரை வெளியான அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்